மேஸ்திரி இறங்கும் இடம்

பஸ்ஸில் ஏறுகிறவர்கள் எல்லோருக்கும் அவள் டிரைவரம்மா. தடியூன்றி ஏறுகிற கிழவர்கூட, "பார்த்து எடும்மா, பிடிச்சுக்கறேன்" என்றுதான் சொல்வார். நாள் முழுக்க ஊரே அம்மா அம்மா என்று கூப்பிட்டுவிட்டு அவரவர் நிறுத்தத்தில் இறங்கிப் போய்விடும். வீட்டுக்கு வந்தால் கூப்பிட ஆளில்லை. கல்யாணமாகி வருஷங்கள் ஓடின. டாக்டர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கையை விரித்தார்கள். கடைசியில் அவளும் அவள் புருஷனும், அவன் தெருமுனையில் சலூன் வைத்திருப்பவன், பெற்றோர் இல்லாத பிள்ளைகள் வளரும் அந்த ஹோமின் படியேறினார்கள்.

அவர்கள் கேட்டது ஒரு குழந்தையை. காட்டப்பட்டதும் ஒரு குழந்தைதான். தத்தித் தத்தி நடக்கிற வயசு, முட்டைக் கண், சுண்டெலி மாதிரி. டிரைவரம்மாவுக்குப் பார்த்த மாத்திரத்தில் மனசு விழுந்துவிட்டது. ஆனால் சுண்டெலியின் கையை இன்னொரு கை பிடித்திருந்தது. எட்டு வயதிருக்கும். தோளில் பை. கிளம்பத் தயாராக நின்றாள்.

"இது அதோட அக்கா. ஒரே வயித்துப் பிள்ளைங்க. பிரிச்சா சின்னதுக்குச் சோறு தண்ணி இறங்காது" என்றாள் வார்டன்.

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சலூன்காரன்தான் வாயைத் திறந்தான். "ஒரு தலைன்னு வந்தேன். ரெண்டு தலையாக் கூட்டிட்டுப் போறேன், விடுங்க" என்றான். வாய்க்கு வாய் தமாஷ் பேசுகிற ஆள். ஆனால் சொன்னபோது அவன் கண் கலங்கியதை அவள் பார்த்தாள்.

பிள்ளைகள் வந்ததும் அவள் தொலைதூர வண்டியை விட்டுவிட்டாள். இது சின்ன விஷயமில்லை. அந்த டிப்போவில் தொலைதூர வண்டி ஓட்டிய ஒரே பெண் அவள்தான். வெளிச்சம் பரவுகிற நேரத்தில் நெடுஞ்சாலையில், பின்னால் அத்தனை பேரும் அவளை நம்பித் தூங்க, எதிரே ஒரு வண்டியும் இல்லாமல் போவாளே, அந்தச் சுகத்துக்காகத்தான் பாடுபட்டு அந்த உத்தியோகத்துக்கே வந்தாள். விட்டுவிட்டு டவுன் பஸ்ஸுக்கு எழுதிக் கேட்டாள். ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு நிறுத்தம், ஓயாத ஹாரன், சிக்னல், சில்லறைச் சண்டை. வருத்தமில்லை என்று சொன்னால் பொய். நெடுஞ்சாலைக்குத் திரும்புகிற வண்டிகளை இன்றைக்கும் கண் மறையும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள்.

வீட்டிலோ பெரியவளுடைய ராஜ்ஜியம். தங்கைக்கு ஊட்டுவது அவள்தான். ஒவ்வொரு வாயையும் தான் கொஞ்சம் தின்று பார்த்துவிட்டுத்தான் ஊட்டுவாள். குளிப்பாட்டுவது, தலை துவட்டுவது, தூங்கவைப்பது எல்லாம் அவளே. தங்கை வயிற்றில் ஒரு கையைப் போட்டுக்கொண்டு தானும் தூங்குவாள், அது தூக்கமா காவலா என்று தெரியாது. சொல்லாமலே பாத்திரம் கழுவிவிடுவாள். சலூன் தரையில் விழுந்த முடியைக் கூட்டி அள்ளிவிடுவாள். "மேஸ்திரி வந்தாச்சு, அவங்கவங்க வேலையைப் பாருங்கப்பா!" என்று சலூன்காரன் சோப்பு நுரைக்குள் இருக்கிற வாடிக்கையாளருக்கும் சேர்த்து ஒரு சத்தம் போடுவான். அப்படியே மேஸ்திரி என்ற பெயர் நிலைத்தது.

அவர்களை அவள் எந்த உறவு சொல்லியும் கூப்பிட்டதில்லை. "இங்க பாருங்க", "கொஞ்சம் கேளுங்க", அவ்வளவுதான். "என்னைக் கட்டினவகூட இவ்வளவு மரியாதையா என்னைக் கூப்பிட்டதில்ல" என்பான் அவன். டிரைவரம்மா சிரிப்பாள். ஆனால் உள்ளுக்குள் வலிக்கும்.

ரெண்டு வருஷம் இப்படிப் போயிற்று. ஒருநாள் சலூனில் கைக்கண்ணாடி ஒன்று உடைந்தது. சுண்டெலி எடுத்து விளையாடிக் கீழே போட்டதை நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கூடப் பார்த்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்த பெரியவள் வாசலிலேயே சில்லுகளைப் பார்த்துவிட்டாள். பை தோளில் இருக்க, "நான்தான் உடைச்சேன்" என்றாள்.

"நீ இப்பத்தானேடி வர்றே?" என்றாள் டிரைவரம்மா.

"காலையில போறப்பவே உடைச்சுட்டுப் போயிட்டேன்."

சலூன்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். டிரைவரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பொய் சொல்கிற முகமா அது? அடி வாங்கத் தயாரான முகம். இந்த வீட்டில் இதுவரை யார் யாரை அடித்தார்கள்? அந்த வாரமே பள்ளிக்கூட டீச்சரும் கூப்பிட்டுச் சொன்னாள்: "உங்க பெரியவ விளையாடறதே இல்லைங்க. இன்டர்வெல் விட்டா நேரா நர்சரி வேலிகிட்ட போய் நின்னுடறா. தங்கச்சி ஊஞ்சல்ல ஏறினா இவ உள்ள போய் ஊஞ்சல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறா."

டிரைவரம்மாவுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. பத்து வயதில் ஒரு பிள்ளைக்கு இந்தப் பாரமா? அன்றைக்குச் சாயங்காலம் பெரியவளை எதிரே உட்காரவைத்து, தலையைக் கோதி, அவளுக்குத் தெரிந்த அன்பையெல்லாம் ஒரே வாக்கியத்தில் கொட்டிச் சொன்னாள்: "இனிமே இந்த வீட்டுல உனக்கு ஒரு வேலையும் கிடையாது. பாப்பாவை நான் பார்த்துக்கறேன். நீ போய் விளையாடு."

பெரியவள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "ஒண்ணுமே கிடையாதா?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமே கிடையாது!" என்று சொல்லி அவள் கன்னத்தைக் கிள்ளி முத்தமிட்டாள் டிரைவரம்மா. ஐயோ, அந்த முகம் எப்படி வெளுத்தது என்று அப்போது பார்த்திருக்கக் கூடாதா! பிள்ளைக்கு விடுதலை கொடுத்துவிட்டோம் என்ற பூரிப்பில் இருந்தாள் அவள்.

அதன் பிறகு சுண்டெலிக்கு ஊட்டுவதும் குளிப்பாட்டுவதும் டிரைவரம்மாவின் வேலையாயிற்று. முதல் ரெண்டு நாள் சுண்டெலி அக்காவைத் தேடி அழுதது. மூன்றாம் நாள் அழவில்லை. சின்னப் பிள்ளைதானே, ஊட்டுகிற கையோடு ஒட்டிக்கொள்ளும். ஒருநாள் மத்தியானம் வாயில் சோற்றோடு அவளை நிமிர்ந்து பார்த்து, "அம்மா, போதும்" என்றது.

கேட்டவள் சோற்றுக் கிண்ணத்தை அப்படியே போட்டாள். "என்னங்க, ஓடி வாங்க, பாப்பா என்னை என்ன சொன்னா தெரியுமா!" என்று சலூனுக்கும் வீட்டுக்குமாக ஓடினாள். அவனும் கத்திரியும் கையுமாக ஓடி வந்தான். ரெண்டு பேருமாக அதை மறுபடி மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். பெரியவள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சிரித்தாள்கூட. பாழாய்ப்போன சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது. அந்தச் சிரிப்பை டிரைவரம்மா நம்பிவிட்டாள்.

போதாக்குறைக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். அவளுக்கு மெல்லப் பேசத் தெரியாது. சமையல்கட்டில் நின்றுகொண்டு தெருவுக்கே கேட்கிற மாதிரி, "நீங்க போனது சின்னதுக்குத்தானே அண்ணி? பெருசு ஒட்டிக்கிட்டு வந்ததுதானே? இப்பதான் சின்னது உங்ககிட்ட நல்லா ஒட்டிக்கிச்சே!" என்றாள். "வாயை மூடு" என்று டிரைவரம்மா கரண்டியைத் தூக்கிவிட்டாள். நாத்தனார் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் கூடத்தில் இருந்த பெரியவளின் காதை மூட யாருமில்லை.

அடுத்த சனிக்கிழமை. பிற்பகல் வண்டி. அந்தத் தடத்தில் கண்டக்டர் கிடையாது. முன்வாசலில் ஏறி, டிரைவர் பக்கத்தில் இருக்கிற பெட்டியில் காசு போட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். சலூன் இருக்கிற தெருவின் நிறுத்தத்தில் நாலைந்து பேர் ஏறினார்கள். கடைசியாக ஏறியது மேஸ்திரி.

"அடியேய், எங்க கிளம்பிட்டே? அப்பா எங்க?" என்று சிரித்தாள் டிரைவரம்மா.

பெரியவள் சில்லறையைப் பெட்டியில் போட்டாள். "ஹோம் ஸ்டாப்ல இறங்கணுங்க" என்றாள்.

அப்போதுதான் டிரைவரம்மா அவளை முழுசாகப் பார்த்தாள். தோளில் அந்தப் பழைய பை. உடம்பில் அந்தப் பழைய கவுன். வந்த அன்றைக்குப் போட்டிருந்தது. இப்போது முட்டிக்கு எங்கேயோ மேலே ஏறி, அக்குளில் இறுக்கிப் பிடித்திருந்தது. பின்னால் நிற்கிற லாரி ஹாரன் அடித்தது. வண்டியை எடுத்தாக வேண்டும், எடுத்தாள்.

"அங்க யாரைப் பார்க்கணும்?"

"யாரையும் பார்க்க இல்லைங்க. இருக்கறதுக்கு."

டிரைவர் என்றால் என்ன வந்தாலும் கண் சாலையில்தான் இருக்க வேண்டும். கண்ணைச் சாலையில் வைத்துக்கொண்டே, "நான் ஏதாவது திட்டினேனாடா? அடிச்சேனா?" என்று கேட்டாள்.

"இல்லைங்க. நீங்க ரொம்ப நல்லவங்க." பெரியவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள். "நீங்க வாங்கிக் கொடுத்த துணியெல்லாம் மடிச்சு அலமாரியில வெச்சிருக்கேன். ஷூவைத் துடைச்சு வெச்சிருக்கேன். பாப்பா சலூன் பெஞ்சுல தூங்கறா, அவர்கிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன், கடைக்குப் போறேன்னு. எழுந்ததும் முதல்ல தண்ணி கொடுக்கணும், இல்லைன்னா ஒருபாட்டம் அழுவா. பால்ல ஆடை மிதந்தா குடிக்கமாட்டா. இடது காதுல தண்ணி போகக் கூடாது. இடி இடிச்சா பயப்படமாட்டா, மிக்ஸிக்குத்தான் பயப்படுவா. பொய்யா அழுதா கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டு அழுவா, நிஜமா அழுதா மூடிக்குவா."

இந்தப் பேச்சு டிரைவரம்மாவுக்குத் தெரியும். டிப்போவில் ஒரு டிரைவர் தன் வண்டியை இன்னொருவர் கையில் ஒப்படைக்கும்போது பேசுகிற பேச்சு இது. பிரேக் கொஞ்சம் இடது பக்கம் இழுக்கும், மூணாவது கியர் அடம் பிடிக்கும், மழையில் வைப்பரைப் பார்த்துக்கொள் என்று ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பார்கள். அவள் எத்தனையோ தடவை பெரியவளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு அப்படிச் சொல்லி வண்டியை ஒப்படைத்திருக்கிறாள். அதில் இன்னொரு வழக்கமும் உண்டு. வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, ஓட்டியவர் தானாக எழுந்து இறங்கின பிறகுதான் அடுத்தவர் ஏறி உட்காருவார். ஓடுகிற வண்டியில் உட்கார்ந்திருப்பவர் கையிலிருந்து யாரும் ஸ்டியரிங்கைப் பிடுங்கமாட்டார்கள். அவள் வீட்டில் செய்தது அதைத்தான். பிடுங்கிவிட்டு, போய் விளையாடு என்று வேறு சொன்னாள்.

"நான் விளையாடத்தானே சொன்னேன் கண்ணு, வீட்டை விட்டா போகச் சொன்னேன்?"

"வேலை இல்லைன்னு சொன்னீங்களே."

"வேலை செய்ய வேண்டாம், சும்மா இருன்னு சொன்னேன்."

"சும்மா இருந்தா என்னை எதுக்கு வெச்சிருப்பீங்க?"

குற்றம் சொல்கிற குரலில்லை. தெரியாததைக் கேட்கிற குரல். முன்சீட்டில் காய்கறிப் பையோடு இருந்த ஒரு பெண் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். டிரைவரம்மா பதில் தேடினாள். மறுபடி வேலை கொடுத்துவிட்டால் போதும், நாளைக்கே ஊட்டு, நாளைக்கே கூட்டு என்றால் இந்தப் பிள்ளை இப்போதே வீட்டுக்குத் திரும்பிவிடும். நாக்கு நுனிவரை வந்தது. வந்ததை விழுங்கினாள். வேலைக்காரியாக இருக்கச் சம்மதித்து வருகிற பிள்ளையை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

அதற்குள் ஹோம் நிறுத்தம் வந்துவிட்டது. நிறுத்தாமல் போய்விடலாம் என்று கால் சொன்னது. நிறுத்தினாள். ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். கதவைத் திறந்தாள். பெரியவள், "வரேங்க" என்று படியில் கால் வைத்தாள். டிரைவரம்மா இன்ஜினை அணைத்தாள். சாவியை உருவிக்கொண்டு சீட்டை விட்டு எழுந்தாள். பயணிகளோடு வண்டியை நடுத்தடத்தில் விட்டு இறங்கினால் என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியாததில்லை.

"நீங்க எங்க வர்றீங்க?" என்றாள் பெரியவள்.

"உன்னோடதான். அங்க உன்னைச் சேர்த்துக்கிட்டா என்னையும் சேர்த்துக்கச் சொல்லிக் கேக்கறேன்."

"உங்களையெல்லாம் சேர்த்துக்கமாட்டாங்க."

"அப்ப வாசல்ல உக்காந்துக்கறேன்."

உள்ளே ஒருவர், "என்னம்மா இது கூத்து? எனக்கு டியூட்டிக்கு நேரமாச்சு!" என்று கத்தினார். காய்கறிப் பைக்காரி திரும்பி, "இறங்கி நடய்யா, காலு இருக்குல்ல" என்று ஒரு போடு போட்டாள்.

பெரியவள் பஸ்ஸையும் ஹோம் கேட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். மேஸ்திரி ஆயிற்றே, போட்ட கணக்கு கண்முன்னால் குலைவதை எப்படித் தாங்குவாள்? "வண்டியை எடுங்க. எல்லாரும் காத்துட்டிருக்காங்க. பாப்பா எழுந்தா உங்களைத்தான் தேடுவா. போங்க."

"மாட்டேன்."

"போங்கன்னு சொல்றேன்ல!"

"மாட்டேன்னு சொல்றேன்ல."

"அவளுக்குத்தானே வந்தீங்க!" ரெண்டு வருஷத்தில் அந்தப் பிள்ளை குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. "அவளைக் கூட்டிட்டுப் போகத்தானே வந்தீங்க! என்னை ஒண்ணும் கேக்கலையே! எனக்குத் தெரியும்!"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள் டிரைவரம்மா. பொய் சொல்ல வரவில்லை. "ஆமா. அவளுக்குத்தான் வந்தேன்" என்றாள். "உன்னை அன்னைக்கு எனக்குத் தெரியாது. இப்பத் தெரியும். நீ இல்லாத வீட்டுக்கு என்னால போக முடியாது, அவ்வளவுதான். எதுக்கு வெச்சிருப்பீங்கன்னு கேட்டியே, எனக்குச் சொல்லத் தெரியலடி. ஒரு காரணமும் இல்ல. ஒரு வேலையும் செய்யாதே, ஒரு உதவியும் பண்ணாதே, எதிர்த்துப் பேசு, என்ன வேணா பண்ணு. விடமாட்டேன்."

பெரியவள் அடித்தாள். முதலில் பையால், பிறகு ரெண்டு கையாலும். டிரைவரம்மாவின் கன்னத்தைப் பிராண்டினாள். பிடிக்க வந்த கையைக் கடித்தாள். "போ! போ! போய்த் தொலை!" என்று அலறிக்கொண்டு பஸ் படியிலேயே விழுந்து காலை உதைத்தாள். கவுன் அக்குளில் டர்ரென்று கிழிந்தது. பத்து வயதுப் பிள்ளை, நின்று தங்கைக்கு ஊஞ்சல் கம்பி பிடித்த பிள்ளை, கடையில் பொம்மை கிடைக்காத மூன்று வயதுக் குழந்தைபோல உருண்டு புரண்டு ஒப்பாரி வைத்தாள். டிரைவரம்மா படியில் உட்கார்ந்து அத்தனை அடியையும் வாங்கிக்கொண்டாள். உள்ளே வயர்லெஸ்ஸில் டிப்போவிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். யாரோ ஒரு பயணி எட்டி அதை எடுத்து, "கொஞ்சம் சும்மா இருங்க சார்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

அழுது ஓய்ந்தபோது பிள்ளைக்கு எழ வலுவில்லை. காய்கறிப் பைக்காரி தன் சீட்டைக் காலி செய்து கொடுத்தாள். டிரைவரம்மா பிள்ளையைத் தூக்கி அதில் போட்டாள். ஹோம் கேட் மூடியபடியே இருந்தது. அவள் சாவியைப் போட்டு வண்டியை எடுத்தாள். மிச்சத் தடம் முழுக்க ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்குகிறவர்கள் தூங்குகிற பிள்ளையைப் பார்த்துச் சத்தமில்லாமல் இறங்கிப் போனார்கள்.

டிப்போ மேனேஜர் கொதித்துப்போயிருந்தார். "இத்தனை வருஷ சர்வீஸ்ல உன்மேல ஒரு புகார் கிடையாது. நடுரோட்டுல வண்டியை அணைச்சுட்டு இறங்கினியாமே? என்ன காரணம்? மேலிடத்துக்கு நான் என்னன்னு சொல்லட்டும்?"

"என் பெரிய பொண்ணு அடம் பிடிச்சா சார்" என்றாள் டிரைவரம்மா. "சொன்ன பேச்சே கேக்கறதில்ல. பாருங்க, எப்படிப் பிராண்டி வெச்சிருக்கா." கன்னத்தைத் திருப்பிக் காட்டினாள், கையில் பதிந்த பல்லையும் காட்டினாள். அதைச் சொல்லும்போது அவளுக்கு அழுகையும் சிரிப்புமாக வந்துவிட்டது. மேனேஜர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஒரு மாதம் வண்டி தர முடியாது, வீட்டில் இரு என்றார். சரி சார் என்றாள்.

வெளியே வந்தாள். பெரியவள் பெஞ்சில் தலைவிரிகோலமாக, வீங்கிய முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினாள்.

"எவ்வளவு நேரம்? எனக்குக் கால் வலிக்குது. தூக்கு" என்றாள்.

டிரைவரம்மா குனிந்து தூக்கினாள். பத்து வயதுப் பிள்ளை, கனமென்றால் அப்படியொரு கனம். இடுப்பு விட்டுப்போனது. வீடு வரைக்கும் இறக்கிவிடவில்லை.